'ரிச்சர்டின் அம்மா'ன்னு மட்டுமே நினைவில் நின்றவர்... யார் இந்த ரெபெக்கா?

1861 ஏப்ரல். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்த மாதம். அதே மாதம் 'அட்லான்டிக் மந்த்லி' பத்திரிகையில் 'லைஃப் இன் தி அயர்ன் மில்ஸ்' என்று ஒரு கதை வந்தது. எழுதியவர் பெயர் போடவில்லை. எழுதியது 29 வயது ரெபெக்கா ஹார்டிங். சன்மானம் 50 டாலர்.

அமெரிக்க யதார்த்த இலக்கியம்னா உங்களுக்கு மார்க் ட்வைன் ஞாபகம் வரலாம். ட்வைனின் முதல் புத்தகம் வருவதற்கு ஆறு வருஷம் முன்னாடியே வந்துவிட்ட கதை இது.

ரெபெக்கா வளர்ந்தது வீலிங். ஒஹையோ ஆற்றங்கரையில், இரும்பு ஆலைப் புகை படிந்த ஊர். 17 வயதில் பள்ளியில் முதல் மாணவியாகத் தேறியவர், அதன்பிறகு பத்து வருஷத்துக்கும் மேலாக வீட்டோடுதான் இருந்தார். ஆனால், ஜன்னல் வழியே தெரிந்த ஆலைத் தொழிலாளிகளை விடாமல் கவனித்திருக்கிறார்.

கதையின் நாயகன் ஹியூ வுல்ஃப், உலைத் தொழிலாளி. இரும்பை உருக்கிய பிறகு மிஞ்சும் கசடில், ஓய்வு நேரத்தில் சிலை செதுக்குவான். ஒருநாள் ராத்திரி ஆலையைச் சுற்றிப் பார்க்க வருகிற பெரிய மனிதர்கள், இருட்டில் கைநீட்டிக் குந்தியிருக்கும் ஒரு பெண் சிலையைப் பார்த்து மிரண்டு போகிறார்கள். இவள் பசியோடு இருக்கிறாள் என்கிறான் ஹியூ. சாப்பாட்டுப் பசி இல்லை. 'நீ பெரிய சிற்பியாக வரலாம்' என்கிற ரீதியில் உற்சாகப்படுத்துகிறார் ஒரு டாக்டர். 'அப்போ உதவி செய்வீங்களா?' என்று ஹியூ கேட்டதும், தன்னிடம் பணம் இல்லை என்று நழுவுகிறார். ஓசியில் மோட்டிவேஷன் கொடுக்கிற ஆட்கள் அப்பவே இருந்திருக்காங்க! அதே ராத்திரி ஒரு பர்ஸ் திருடு போகிறது. மிச்சத்தை நீங்களே படிங்க.

கதை பேசப்பட்டது. 1862-ல் ஹாதோர்ன், எமர்சன் போன்ற ஜாம்பவான்களைச் சந்தித்தார். அங்கே போரைப் புனிதமாகப் பேசியதை அவரால் ரசிக்க முடியவில்லை. போர் நடக்கும் எல்லைப் பகுதியிலிருந்து வந்தவராச்சே! 1863-ல் கிளார்க் டேவிஸுடன் திருமணம். பிறகு குடும்பச் செலவுக்காகவும் நிறைய எழுதினார். எல்லாமே முதல் கதையின் தரத்தில் இல்லை என்பதும் உண்மை.

மகன் ரிச்சர்ட் ஹார்டிங் டேவிஸ் பிரபலமான போர்ச் செய்தியாளர். 1910-ல் ரெபெக்கா இறந்தபோது, 'ரிச்சர்டின் அம்மா' என்றுதான் செய்தி வந்தது.

அப்புறம் ஒரு பழைய சாமான் கடை. ஒமாஹா நகரில் டில்லி ஓல்சன் என்ற டீன்ஏஜ் பெண், அங்கே வாங்கிய பழைய 'அட்லான்டிக்' இதழ்களில் இந்தக் கதையைப் படித்தார். எழுதியது யாரென்று அவருக்குத் தெரியவே பல வருஷங்கள் ஆகின. பின்னாளில் எழுத்தாளரான ஓல்சன் எடுத்த முயற்சியால், 1972-ல் ஃபெமினிஸ்ட் பிரஸ் அதைப் புத்தகமாக்கியது. இந்த முறை ரெபெக்காவின் பெயரோடு.

'புராஜெக்ட் குட்டன்பெர்க்' தளத்தில் கதை இலவசமாகவே கிடைக்கிறது. முதல் சில பக்கங்கள் முழுக்கப் புகையும் சேறும்தான், கொஞ்சம் பொறுமையாகக் கடந்துடுங்க!