ஆஸ்டனின் ஒலி: ‘பாரனாய்ட்’ இசைத்தட்டின் நீண்ட ஆயுள்

ஹெவி மெட்டல் இசையின் தோற்றத்தைப் பேய், சூனியம் ஆகியவற்றின் மீதான கவர்ச்சியாகவே பலர் விளக்கிவிடுகின்றனர். பிளாக் சபாத் குழுவின் இரண்டாம் இசைத்தட்டான ‘பாரனாய்ட்’ அவ்விளக்கத்துக்குள் அடங்குவதில்லை. 1970 செப்டம்பரில் இங்கிலாந்தில் வெளிவந்த அது அரை நூற்றாண்டு கடந்தும் கேட்கப்படுவதன் காரணங்களை ஒரு தொழில் நகரத்தின் வரலாற்றிலும் ஒரு போரின் வரலாற்றிலும் தேட வேண்டியிருக்கிறது.

குழுவின் நால்வரும் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்தவர்கள். 1948, 1949ஆம் ஆண்டுகளில் பிறந்தவர்கள். இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சுக்கு ஆளான நகரம் அது. பாடகர் ஓசி ஆஸ்பர்ன் பதினைந்து வயதில் பள்ளியை விட்டு நீங்கி, பின்னர் இறைச்சிக்கூடத்திலும் வேலை பார்த்தார். கிட்டார் கலைஞர் டோனி அயோமி தகட்டாலை ஒன்றில் பணிபுரிந்தார். பதினேழாம் வயதில், அவ்வேலையின் கடைசி நாளன்று, இயந்திரம் அவரது வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைத் துண்டித்தது. இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்திகளை அழுத்தும் கை அதுவே. தீக்காயத்தால் இரு விரல்கள் முடங்கிய பின்னும் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டை ஆலை மேலாளர் ஒருவர் அவருக்குக் கேட்கக் கொடுத்தார். அதன்பின் அயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி மீண்டும் வாசிக்கத் தொடங்கினார்.

விரற்காயத்தால் சுருதியைத் தாழ்த்தியதே இக்குழுவின் கனத்த ஒலிக்குக் காரணம் என்பர். ஆனால் அயோமி தந்திகளை வெகுவாகத் தளர்த்தியது 1971இல் வந்த மூன்றாம் இசைத்தட்டில்தான். ‘பாரனாய்ட்’ தட்டின் கனம் வேறு வழியில் பிறந்தது: இரண்டு மூன்று சுரங்களே கொண்ட கட்டுகள், மீண்டும் மீண்டும் வரும் குறுந்தொடர்கள், அவற்றுக்கிடையே விடப்படும் மௌனம், கிட்டாருடன் ஒன்றி நகரும் கீசர் பட்லரின் பேஸ், ஜாஸ் சாயல் கொண்ட பில் வார்டின் தாளம். புதிதாகக் கிட்டார் பழகுவோரும் கைக்கொள்ளக்கூடிய எளிமை இது. அவ்வெளிமையே இத்தட்டைத் தலைமுறைகளுக்குப் பாடநூலாக்கிற்று.

பாடல்களைப் பெரிதும் எழுதியவர் பட்லர். ‘வார் பிக்ஸ்’ போரைத் தொடங்கிவிட்டு ஏழைகளைக் களத்துக்கு அனுப்பும் ஆட்சியாளரைச் சாடுகிறது. ‘எலெக்ட்ரிக் ஃபியூனரல்’ அணுப்போரின் பேரழிவைக் காட்டுகிறது. ‘ஹேண்ட் ஆஃப் டூம்’ வியட்நாம் போரிலிருந்து போதைப் பழக்கத்துடன் மீண்ட படைவீரரைப் பற்றியது. தட்டுக்கு முதலில் எண்ணியிருந்த பெயரும் ‘வார் பிக்ஸ்’ என்பதே. இடத்தை நிரப்புவதற்காக விரைவில் இயற்றப்பட்ட ‘பாரனாய்ட்’ தனிப்பாடலாகப் பிரித்தானியப் பட்டியலில் நான்காம் இடத்தை எட்டியது. தட்டும் அப்பெயரையே ஏற்றது. உறையில் வாளும் கேடயமும் ஏந்திய மனிதன் மட்டும் பழைய பெயரின் தடமாக எஞ்சினான்.

இசைத்தட்டு பிரிட்டனில் முதலிடம் பெற்றது. விமரிசகர் பலரோ இக்குழுவை இகழ்ந்தனர். குழுவின் முதல் தட்டைக் கடுமையாகச் சாடிய ‘ரோலிங் ஸ்டோன்’ இதழே, 2017இல் மெட்டல் இசைத்தட்டுகளின் வரிசையில் ‘பாரனாய்ட்’ தட்டுக்கு முதலிடம் அளித்தது. இடைப்பட்ட காலத்தில் மாறியது இசையன்று. எவருடைய அனுபவம் கலையாகத் தகும் என்ற அளவுகோல்.

2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனின் வில்லா பார்க் அரங்கில் நால்வரும் இறுதியாக ஒன்றிணைந்து வாசித்த நான்கு பாடல்களில் மூன்று இத்தட்டினுடையவை. ஜூலை 22 அன்று ஆஸ்பர்ன் மறைந்தார்.

அயோமியின் காயத்தை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது வரலாற்றுக்குப் போதாது. ஆலைகளில் விரலிழந்த எண்ணற்றோர் எந்த இசைத்தட்டிலும் பதிவாகவில்லை. போரை முடிவுசெய்வோர் யார், மடிவோர் யார் என்று ‘வார் பிக்ஸ்’ எழுப்பிய வினாவும் இன்னும் பழையதாகவில்லை. ‘பாரனாய்ட்’ தட்டின் நீண்ட ஆயுளில் அதன் இசையாற்றலுக்கு உள்ள பங்கு, தீராத இவ்வினாவுக்கும் உண்டு.