பனிச்சறுக்கு: ஒரு சொல்லாய்வு

உறைபனி மூடிய மலைச்சரிவில் இரு நீண்ட பலகைகளைக் காலிற் பூட்டி விரைந்திறங்குதலைத் தமிழில் பனிச்சறுக்கு என்பர். கண்டியில் உறைபனி வீழ்வதில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரமே உடைய நகர் அது. எனினும், சறுக்கு என்பதன் பொருளை உணரப் பனிநாடு செல்லவேண்டியதில்லை. நகரின் வடபால், கட்டுகஸ்தோட்டை செல்லும் வழியில் மேடும் பள்ளமுமாய் அமைந்த மஹய்யாவவில் மழைநாளில் இறக்கத்திற் கால்வைப்போர் அதனை நன்கறிவர்.

நோர்வே நாட்டார் இதற்குச் செயலாற் பெயரிட்டாரல்லர், கருவியாற் பெயரிட்டனர். ஆங்கிலத்தில் ‘ஸ்கீ’ என வழங்குவது ‘ஷீ’ என ஒலிக்கும் நோர்வேச் சொல்லே. பழைய நோர்ஸ் மொழியில் ‘ஸ்கீத்’ என நின்ற அதற்குப் பிளந்த மரத்துண்டு என்பது பொருள். வெட்டுதல், பிளத்தல் எனப் பொருள்படும் தொன்மையான இந்தோ-ஐரோப்பிய வேரினின்று அது கிளைத்தது. வடமொழியின் ‘சித்’ என்னும் வினையடிக்கும் அதுவே வேர். அவ்வினையடியிற் பிறந்த ‘சேதம்’ தமிழிற் புகுந்து நெடுங்காலமாயிற்று. ஆகவே வடபுலத்து வேடன் காலிற் கட்டிய பலகையும் நம் வழக்கிலுள்ள சிரச்சேதமும் சொல்லளவில் தூரத்து உறவினவாம்! வளைந்து வளைந்து இறங்கும் போட்டியின் பெயராகிய ‘ஸ்லாலொம்’ என்பதும் நோர்வேச் சொல்லே. சாய்வு, தடம் என்னும் இரண்டின் கூட்டு அது. ‘டெலிமார்க்’ என்னும் திருப்பமுறை, சொந்ரே நூர்ஹைம் (1825-1897) பிறந்த மாவட்டத்தின் பெயரைத் தாங்கியது.

தமிழின் போக்கு வேறு. பனி என்னும் ஒரே சொல் நமக்குத் துளியையும் மூடுபனியையும் உறைபனியையும் குறிக்கிறது. முன்பனி, பின்பனி எனப் பருவம் வகுத்தோர் கண்டது பெரும்பாலும் புல்நுனித் துளியே. சறுக்குதலோ எப்போதும் குற்றத்தின் பாற்பட்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்னும் பழமொழி வல்லாரின் தவறுதலையே சுட்டுகிறது. வழுக்குதலும் அத்தகையதே, தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஆராயும் ‘வழு’ அதனோடு ஓரினமான சொல். இலத்தீனிலும் ‘லாப்ஸுஸ்’ என்பது வழுக்கலையும் பிழையையும் ஒருங்கே குறித்தலின், இதனைத் தமிழர்க்கே உரிய அச்சமெனல் பொருந்தாது. ஆயினும் தவறுதலைக் குறித்த சொல், பனி என்னும் அடைபெற்றவுடன் பயின்று பெறும் ஆற்றலைக் குறிப்பதாயிற்று. பிறமொழிச் சொல்லை ஒலிபெயர்த்து அமையாது தமிழில் ஆக்கியோர் அறிந்தோ அறியாமலோ செய்த பெரும் பொருள்மாற்றம் இது.

சரிவு என்னும் சொல்லுக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. மலையகத் தமிழர்க்குச் சரிவு என்றதும் மண்சரிவே நினைவுக்கு வரும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களைப் புதைத்த துயரைத் தாங்கிய சொல் அது. பனிமலையின் பேரிடரைக் குறிக்கப் பனிச்சரிவு என்னும் தொடர் அமைந்ததும் மண்சரிவின் சாயலிலேதான். இதற்கு மறுதலையாகவும் ஒன்று நிகழ்ந்துள்ளது. நீலகிரியில், பனிப்பாறை சரிந்தறியாத ஓரிடத்திற்கு, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நேர்ந்த மண்சரிவு காரணமாக ஆங்கிலேயர் தம் பனிச்சரிவுச் சொல்லையே பெயராக இட்டனர். அவ்விடம் அவலாஞ்சி என இன்றும் வழங்குகிறது.