ஒழுங்கீனமும் வேலையிழப்புப் படியும்

மலாயாத் தமிழரின் தொழில் வரலாற்றில் கூலி உயர்வின் கதை ஒருபுறம் இருக்க, வேலைநீக்கத்தின் கதையும் தனியே ஆராயத் தக்கதாகும். வேலையினின்று நீக்கப்பட்டவன் மறுநாள் எதைக்கொண்டு உண்டான் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தபின், ஒரு மாத முன்னறிவிப்புடன் தொழிலாளி விலகலாம். துரையும் அவனை விலக்கலாம். ஏட்டளவில் இரு சாராரின் உரிமையும் ஒன்றே; வாழ்வில் அங்ஙனம் அன்று. லயத்து வீடு தோட்டத்துக்கு உரியதாதலின், வேலை போனபோது கூரையும் போயிற்று. 1930-இல் தொடங்கிய பெருமந்தத்தின்போது வேலையிழந்த பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அக்காலத்து வேலையிழப்பு உதவி கப்பற் பயணமாகவே இருந்தது. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, அதனை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு ஒரு வரம்பு கட்டியது. ஒழுங்கீனத்துக்காக ஒருவரை முன்னறிவிப்பின்றி நீக்கலாம். ஆயின் உரிய விசாரணைக்குப் பின்னரே நீக்குதல் வேண்டும். விசாரணைக்காக இடைநிறுத்தினால், அக்காலம் இரண்டு வாரத்துக்கு மிகாமலும், பாதிச் சம்பளத்துக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். பொற்கொல்லன் சொல்லை மட்டும் கேட்டுக் கோவலனைக் கொல்வித்த பாண்டியன் கதையை அறிந்த தமிழருக்கு இவ்விதியின் அருமையை விளக்க வேண்டுவதில்லை. 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, நியாயமின்றி நீக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் முறையிட வழி வகுத்தது. முதலாளி ஒரு காரணம் கூறி நீக்கினால், அக்காரணம் மெய்ப்பிக்கப்பட்டதா என்று தொழில் நீதிமன்றம் ஆராய வேண்டும் என 1981-இல் மேல்நீதிமன்றத் தீர்ப்பொன்றும் எழுந்தது.

பணத்தைப் பற்றிய விதிகளோ கடுமையானவை. 1980ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பணிக்காலத்துக்கு ஏற்ப ஆண்டொன்றுக்கு 10, 15, 20 நாட் சம்பளத்தை ஆட்குறைப்பு ஈட்டுத்தொகையாக விதித்தது. உரிய விசாரணைக்குப்பின் ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கு அது கிட்டாது. 2018-இல் நடைமுறைக்கு வந்த வேலை காப்புறுதித் திட்டமும் அவ்வாறே. தொழிலாளியும் முதலாளியும் சம்பளத்தில் நூற்றுக்கு 0.2 வீதம் சொக்சோவில் செலுத்துகின்றனர். வேலையிழந்தவருக்கு முதல் மாதம் 80 விழுக்காடு எனத் தொடங்கிப் படிப்படியாகக் குறைந்து, ஆறு மாதம் வரை வேலைதேடும் படி வழங்க அது திட்டம் வகுத்தது. ஒழுங்கீனத்தால் நீக்கப்பட்டவரும், தாமே விலகியவரும் இதற்கு உரியரல்லர்.

இங்கிலாந்தின் 1911ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டமும் ஒழுங்கீனத்தைப் பொறுக்கவில்லை. ஆயினும் அது ஆறு வாரத்துக்கே உதவியை மறுத்தது. தானே வருவித்த கேட்டுக்குக் காப்புறுதி இல்லை என்பது நேரிய வாதந்தான். ஆனால் ஆறு வாரத் தடை தண்டனை. முற்றான தடையோ, பல மாதம் சந்தா கட்டியதன் பயனையே அப்போதைக்கு இல்லாததாக்குவது. பட்டினி கிடக்கும் பிள்ளைகள் பிழை செய்தவரல்லர் என்பதும் எண்ணத் தக்கது.

1863-இல் இந்திய முஸ்லிம்கள் நிறுவிய பள்ளிவாசலால் பெயர்பெற்ற மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் துணிக்கடை, உணவுக்கடை ஊழியர் பலர். கல்லாவில் கணக்குக் குறைந்தது என்று பழி வருங்கால், "நீயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடு" என்று சொல்லப்படுவதுண்டு. மானத்துக்கு அஞ்சி எழுதிக் கொடுப்பவர், தாமே விலகியவராகக் கணக்கிடப்படும் நிலைக்கு ஆளாகிறார். விசாரணை கோரியிருந்தால் பழியும் நீங்கியிருக்கக்கூடும். படிக்கு விண்ணப்பிக்கவும் 60 நாட்களே தவணை. வேலைநீக்கத்தை எதிர்த்து முறையிடவும் 60 நாட்களே.

ஆகவே, காரணங் கேட்டு வரும் கடிதத்துக்கு எழுத்திலேயே மறுமொழி தருவதும், நீக்கக் கடிதத்தைப் படித்துணராமல் கையொப்பமிடாதிருப்பதும் தொழிலாளிக்கு இன்றியமையாதன. லயத்துக் கூரையோடு வேலையை இழந்தவருக்குக் கிட்டாத பாதுகாவல் இன்று ஏட்டில் உண்டு. அதனைப் படித்துச் சொல்லும் கடமை கற்றவரைச் சார்ந்தது.