ஓரியின் முதுகு

சென்ற மாதம் குடும்பத்தோடு புளியஞ்சோலை போயிருந்தோம். பிள்ளைகள் அய்யாற்றில் இறங்கிவிட்டார்கள். எனக்கு வலது தோள் இறுகி மூன்று மாதமாகிறது. சட்டை மாட்டவே ஒரு ஆள் வேண்டும். பாறையில் உட்கார்ந்து, ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சியைச் செய்துகொண்டிருந்தேன். "கையால இழுக்காதீங்க சார், முதுகால இழுங்க" என்பது பிசியோதெரபி பெண்ணின் கட்டளை. எதிரே கொல்லிமலை. ஓரியின் நினைவு வந்தது.

வல்வில் ஓரி இந்த மலைக்குத் தலைவன், கடையெழு வள்ளல்களில் ஒருவன். புறநானூறு 152-இல் வன்பரணர் அவன் வேட்டையைப் பாடுகிறார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என்று ஒவ்வொன்றாய்ச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. நடந்திருக்குமா? நான் நம்பவில்லை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடிகிறது. போகப் போக அம்பின் வேகம் குறையும் என்று புலவருக்குத் தெரிந்திருக்கிறது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். ஓரியை அறிந்தது வேலைக்குப் போன பிறகுதான். பள்ளியில் படித்த வில் வேறு: 1346-இல் கிரெசி, 1415-இல் அசென்கூர். இரண்டிலும் ஆங்கிலேயரின் நெடுவில் பிரெஞ்சு வீரர்களை வாரிக் கொட்டியது. தோற்றவர்களின் பாடம் என்பதாலோ என்னவோ, அந்த வில்லை இழுத்த உடம்பைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அதைச் சொன்னது ஒரு கப்பல். 1545-இல் மூழ்கிய 'மேரி ரோஸ்' என்ற ஆங்கிலப் போர்க்கப்பலை 1982-இல் கடலிலிருந்து தூக்கினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட விற்கள் கிடைத்தன. பலவற்றை நாண் இழுக்க 45 கிலோவுக்கு மேல் விசை வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அதில் இறந்தவர்கள் பலரின் தோள்பட்டை எலும்பின் நுனி, வளரும் பருவத்தில் சேர வேண்டியது, சேராமலே இருந்தது. சிறு வயதிலிருந்தே வில் இழுத்ததன் அடையாளம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அவ்வளவு விசை புஜத்தால் ஆகாது. இரு தோள்பட்டை எலும்புகளையும் நடுமுதுகை நோக்கிச் சேர்க்கும் தசைகள்தான் நாணை இழுக்கின்றன. ஓரியின் வலிமையும் முதுகில்தான் இருந்திருக்க வேண்டும்.

அக்காலத்து இன்னொரு ஆயுதம் வேல். எறிவேல் உடம்பை வேறுவிதமாகக் கேட்கும். நீரஜ் சோப்ரா எறிவதை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். ஓடி வந்து இடது காலை விறைப்பாக ஊன்றுகிறார். கால் நிற்க, உடம்பு முன்னே பாய்கிறது. முதலில் இடுப்பு திரும்புகிறது, அப்புறம் மார்பு, தோள், முழங்கை. கை வருவது கடைசியில், சாட்டை நுனி மாதிரி. அதற்கு முந்தைய கணத்தில் வயிறும் மார்பும் பின்னே வளைந்து இழுபட்டு நிற்கின்றன. அங்கே உடம்பே வில். 800 கிராம் ஈட்டி மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. 2025-இல் தோஹாவில் 90.23 மீட்டர். இதற்குக் கூலி முழங்கை கொடுக்கிறது: 2019-இல் அவருக்கு வலது முழங்கையில் அறுவைசிகிச்சை நடந்தது.

ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்ததாக அகநானூறு சொல்கிறது. இன்றும் ஆடிப்பெருக்கை ஒட்டி மலைமேல் ஓரி விழா எடுக்கிறார்கள். வில்வித்தைப் போட்டியும் உண்டு.

ஈரம் சொட்டச் சொட்ட வந்த பேரன், "தாத்தா, என்ன இது?" என்று பட்டையைப் பிடுங்கி இழுத்துப் பார்த்தான். கையால்தான்.