இறாலும் மூலக்கூறு அச்சும்

ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் போகிறவர்கள் முட்டுக்காட்டில் படகுத்துறையைத்தான் பார்ப்பார்கள். மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வுப் பண்ணையும் அங்கேதான் இருக்கிறது. இந்தச் செங்கல்பட்டுக் கடற்கரையில் இறால் ஹேட்சரிகளும் உண்டு. நண்பர்களே, இந்தக் கதைக்கு அந்த இறால்தான் காரணம்.

ஹேட்சரித் தொட்டிகளில் விப்ரியோ பாக்டீரியா புகுந்தால் குஞ்சுகள் ஒரே இரவில் செத்து மிதக்கும். அதற்காக ஒரு காலத்தில் ஆசிய நாடுகள் பலவற்றில் குளோராம்பெனிகால் ஊற்றினார்கள். 1947-ல் வெளியுலகுக்குத் தெரியவந்த மருந்து அது. சிலருக்கு எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடும், எவ்வளவு குறைவாக இருந்தால் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. எனவே ஐரோப்பியச் சட்டம் "பூஜ்யம்" என்றது.

பூஜ்யம் என்றால் என்ன? கருவிக்குத் தெரியாதது, அவ்வளவுதான்! 2001-02-ல் ஐரோப்பியத் துறைமுகங்களில் ஆசிய இறால் மாட்டியபோது ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் ஒவ்வொரு பூஜ்யம் இருந்தது. 2003-ல்தான் எல்லா ஆய்வகமும் கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம் வரையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று விதி வந்தது. 20 டன் கன்டெய்னருக்குக் கணக்குப் போட்டால் 6 மில்லிகிராம். ஓர் அரிசியின் எடைகூட இல்லை. அதற்காக மொத்தச் சரக்கும் திரும்பி வரும்.

இறால் சதையின் கொழுப்புக்கும் புரதத்துக்கும் நடுவே இதை எப்படிப் பிடிப்பது? மாமல்லபுரத்துச் சிற்பி கல்லைச் செதுக்குவார். சுவாமிமலை ஸ்தபதி மெழுகு உருவத்தைச் சுற்றி மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றுவார். இங்கே நடப்பது சுவாமிமலை வேலை. தேடும் மூலக்கூறைச் சுற்றி பாலிமரை வளர்த்து, பிறகு அதைக் கழுவி எடுத்தால் அதே வடிவக் குழி மிஞ்சும். அடுத்து வரும் மூலக்கூறு அதில் போய் உட்காரும்.

1931-லேயே சோவியத் யூனியனில் பொல்யாகோவ் சிலிக்காவில் இப்படி ஒன்றைக் கவனித்தார். 1972-ல் ஜெர்மனியின் வுல்ஃப் பாலிமரில் செய்தார். 1993-ல் ஸ்வீடனின் மோஸ்பாக் குழு, ரத்தத்தில் மருந்தை அளக்க ஆன்டிபாடிக்குப் பதில் இதை வைத்தது. ஆன்டிபாடிக்குக் குளிர்ப்பெட்டி வேண்டும், பாலிமர் நம்மூர் வெயிலைத் தாங்கும். பின்னாளில் குளோராம்பெனிகாலுக்கென்றே பாலிமர் நிரப்பிய குழாய்கள் விற்பனைக்கு வந்தன. இறால் சாற்றை அதில் ஊற்றினால் மருந்து தங்கும், கசடு பெரும்பாலும் ஓடிவிடும். அளப்பது மட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்தான். பாலிமரே எல்லாம் கண்டுபிடிக்கும் என்பது கொஞ்சம் மிகை.

எனக்குப் பிடித்த சங்கதி இனிமேல்தான். எவ்வளவு கழுவினாலும் அச்சுக்கு வைத்த மூலக்கூறு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, சோதனையின்போது மெல்லக் கசியும். குற்றமில்லாத இறாலும் குற்றவாளியாகிவிடும்! அதனால் அசலை வைக்காமல், அதன் சாயலில் வேறொரு மூலக்கூறை அச்சுக்கு வைக்கும் வழக்கம் வந்தது. கசிந்தாலும் கருவி அது வேறு ஆள் என்று பிரித்துச் சொல்லிவிடும்.

கருவிகள் கூர்மையாகக் கூர்மையாக விதியும் இறங்கியது. 2022 நவம்பரிலிருந்து ஐரோப்பாவில் அந்த 0.3 பாதியாகி 0.15 ஆனது. கன்டெய்னருக்கு 3 மில்லிகிராம்.