புதுச்சேரியில் பார்த்த இரட்டையர்

சரித்திரம் என்றால் ராஜாக்களும் சண்டைகளும்தான் என்று நினைக்கிறோம். எனக்குப் பிடித்த ஒரு சரித்திரத்தில் ராஜா ஆரம்பத்திலேயே காலமாகிவிடுகிறார். பிறகு வருவதெல்லாம் நட்சத்திரங்கள்தான்.

அந்த ராஜா சயாம் தேசத்து நாராய். வான சாஸ்திரத்தில் ஆசை உள்ளவர். அவர் ஆதரவை நம்பி 1687-ல் பிரான்சிலிருந்து ஏசு சபைப் பாதிரிமார்கள் சிலர் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் ழான் ரிஷோ. மறுவருஷமே அரண்மனையில் கலகம். ராஜாவும் போய்ச் சேர்ந்தார். பிரெஞ்சுக்காரர்கள் வெளியேற நேர்ந்தது. ரிஷோ புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்.

வந்த காரியம் கெட்டதே என்று அவர் முடங்கிக் கிடந்திருக்கலாம். ஆனால் மனிதர் தூரதிருஷ்டிக் கண்ணாடியை விடவில்லை. 1689 டிசம்பரில் ஒரு வால் நட்சத்திரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, தென்திசையில் தாழ நிற்கும் ஆல்பா சென்டாரியையும் பார்த்தார். வெறுங்கண்ணுக்கு அது ஒன்று. கண்ணாடியிலோ இரண்டு!

இரண்டுக்கும் உறவு உண்டா? அன்று யாருக்கும் தெரியாது. ரயிலிலிருந்து பார்த்தால் தென்னை மரமும் தூரத்துக் கோபுரமும் ஒட்டி நிற்பதுபோல் தோன்றவில்லையா? அப்படியும் இருக்கலாமே! சில இரட்டை நட்சத்திரங்கள் மெய்யாகவே ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று 1803-ல்தான் வில்லியம் ஹெர்ஷல் காட்டினார். ரிஷோவின் ஜோடியும் அந்த ஜாதிதான். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 80 வருஷம். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 11 மடங்குக்கு நெருங்கி வரும். பிறகு 36 மடங்குக்கு விலகிப் போகும்.

அதோடு குடும்பம் முடியவில்லை. வெகு தள்ளி, மங்கலாக, மூன்றாவது ஒன்று இருப்பதை 1915-ல் ஜோகன்னஸ்பர்க்கில் ராபர்ட் இன்னஸ் கண்டுபிடித்தார். பெயர் பிராக்ஸிமா. சூரியனை விட்டால் நமக்கு மிகவும் கிட்டத்து நட்சத்திரம் அதுதான், தூரம் 4.24 ஒளி வருஷம். அதுவும் இந்த ஜோடியைத்தான் சுற்றுகிறது என்பது 2017-ல் உறுதியாயிற்று. ஒரு சுற்றுக்குச் சுமார் 5,50,000 வருஷம்! ஒண்டுக்குடித்தனத்தில் இப்படி ஒதுங்கி வாழும் சித்தப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு மே மாத இரவு புதுச்சேரிக் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தேன். அடிவானத்துக்குச் சற்று மேலே, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள். இடது பக்கம் இருப்பதுதான் ரிஷோவினுடையது. எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்கு அது ஒன்றாகவே இருந்தது.

ரிஷோ பார்த்த பிறகு அந்த ஜோடி நாலு சுற்றுச் சுற்றி முடித்துவிட்டது. பிழைக்க வந்த இடத்தையும் இழந்து நம் கரையில் ஒதுங்கிய ஒரு மனிதர், அந்த நிலையிலும் அண்ணாந்து பார்த்திருக்கிறார். அதை நினைத்தபடி வெகு நேரம் அங்கேயே நின்றேன்.