சுதை: அமுது சுவருக்கு வந்த கதை

கோலாலம்பூரை அடுத்த அம்பாங்கில் ஒரு கோயிலில் சுதை வேலை நடக்கிறது என்றால் கோபுரத்துக்குச் சாரம் கட்டியாயிற்று என்று பொருள். திருக்குடமுழுக்குக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகள் வருவார்கள். கம்பி வளைத்து, செங்கல் வைத்து, சிமெண்டுச் சாந்தை அப்பி, முகமும் விரலும் எழும்வரை சிறு கரண்டியால் இழைப்பார்கள். காய்ந்தபின் வண்ணம் ஏறும். அந்த உருவத்தைத்தான் இன்று சுதை என்கிறோம். சொல் பிறந்த காலத்தில் சிமெண்டும் இல்லை, அதன் முதற்பொருள் உருவமும் இல்லை. அப்போது சுதை தேவர்கள் அருந்திய அமுது.

வடமொழியில் ‘சுதா’ என்பதற்கு அமுதம், சுண்ணாம்புச் சாந்து என்று இரண்டு பொருளும் உண்டு. வெள்ளைச் சாந்து பூசிய மாளிகை ‘சௌதம்’ ஆயிற்று. பெங்களூரு விதான சௌதாவின் பெயருக்குள்ளும் சுண்ணாம்புதான் இருக்கிறது. இதைச் சொல்லின் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை. சுவர் வேலைக்கான மற்றச் சொற்களையும் பாருங்கள். சாந்து முதலில் மார்பில் பூசிய சந்தனக் குழம்பு. பிறகுதான் கொத்தனாரின் கலவை. சுண்ணம் பழைய இலக்கியத்தில் மணப்பொடி. திருவாசகத்தில் பெண்கள் பாடிக்கொண்டே இடிக்கும் பொற்சுண்ணம். அதன் வழிவந்த சுண்ணாம்பு வெற்றிலைக்கும் போயிற்று, சுவருக்கும் போயிற்று. ஆங்கிலேயர் மதராஸில் கண்ட பளபளப்பான பூச்சுக்கு அந்தச் சொல்லையே வாங்கி ‘சுனம்’ என்றார்கள். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விடுவதை நீற்றுதல் என்கிறோம். நெற்றியில் இடுவதும் நீறுதான். உடம்புக்கும் தெய்வத்துக்கும் உரிய சொற்களைச் சுவருக்குக் கொடுத்தவர்கள், சுவரை எவ்வளவு மதித்திருக்க வேண்டும்!

அந்த மதிப்பு மணிமேகலையில் தெரிகிறது. மலர்வனம் புக்க காதையில், புகார் நகரத்து வெண்சுதைச் சுவரில் வானவர் தொடங்கி எல்லா உயிர்களையும் கைதேர்ந்தவர்கள் ஓவியமாக்கியிருக்க, மக்கள் நின்று பார்க்கும் காட்சியைச் சாத்தனார் வைக்கிறார். சுதையும் ஓவியமும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன. சுதை ஓவியத்தைத் தாங்கும் தளம். அதன் வெண்மைதான் நிறங்களுக்கு ஒளி.

இந்த உறவின் நுட்பம் வேதியியலில் இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறும். சுட்ட கல்லை நீற்றினால் குழைவான களி கிடைக்கும். களியை மணலோடு சேர்த்துச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மீண்டும் கல்லாகும். பூச்சு ஈரமாக இருக்கும்போதே, நிறப்பொடியை வெறும் தண்ணீரில் கரைத்துத் தீட்டிவிட வேண்டும். பசையே வேண்டாம், இறுகும் சுண்ணாம்பு நிறத்தைத் தன்னுள் பூட்டிக்கொள்ளும். நிறம் சுவரின்மேல் ஒட்டியிருப்பதில்லை, சுவரோடு சுவராகிவிடுகிறது.

இத்தாலியர் இதை ‘ஃப்ரெஸ்கோ’ என்றார்கள்: புதியது, ஈரம் உலராதது. கோலாலம்பூர் உணவகங்கள் திறந்தவெளி மேசைகளுக்கு ‘அல் ஃப்ரெஸ்கோ’ என்று எழுதி வைப்பதும் இதே சொல்தான். 1400 வாக்கில் ஓவியர்களுக்குக் கைநூல் எழுதிய சென்னினோ சென்னினி, ஈரச்சுவரில் தீட்டுவதை இருப்பதிலேயே இனிய வேலை என்ற கருத்தில் சொல்கிறார். அமுது என்று பெயர் வைத்தவர்களை அவருக்குத் தெரியாது.

இனிமைக்குக் கெடுபிடியும் உண்டு. அன்று தீட்ட முடிந்த அளவுக்குத்தான் அன்று பூச வேண்டும். அந்த ஒருநாள் துண்டுக்கு ‘ஜோர்னாத்தா’ என்று பெயர். ஓரங்களின் இணைப்பைத் தடவிப் பார்த்தே வேலை எத்தனை நாள் நடந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காத நிறங்களை உலர்ந்த சுவரில் பசை சேர்த்துத்தான் தீட்ட முடியும். ஜொத்தோ 1305 வாக்கில் பதுவாவில் தீட்டிய சுவர்களில் உலர்ந்தபின் ஏற்றிய நீலம் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. ஈரத்தில் இறங்கிய காவியும் மஞ்சளும் நிற்கின்றன. ஃப்ளாரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில், 1427 வாக்கில் மசாச்சோ தீட்டிய ‘திரித்துவம்’ ஓவியத்துக்கு அருகில் போனால், ஈரச் சாந்தில் நூலை இழுத்து அழுத்திய கோடுகள் இன்றும் தெரியும். பார்ப்பவரின் கண்மட்டத்தில் ஒரு ‘மறையும் புள்ளி’ வைத்து, எல்லாக் கோடுகளையும் அதை நோக்கி ஓடவிட்டு, தட்டைச் சுவரில் வளைகூரை கொண்ட ஓர் அறையையே திறந்துவிட்டார்.

நம்மிடம் தஞ்சாவூர் இருக்கிறது. பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட திருச்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்தப் பூச்சை ஆராய்ந்து, ஈரச் சுண்ணாம்பில் தீட்டிய உண்மையான ஃப்ரெஸ்கோ என்று முடிவு சொன்னார். சித்தன்னவாசலின் தாமரைக் குள ஓவியம் உலர்பூச்சு வகை என்பது அவர் கணிப்பு. மசாச்சோவுக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன், இராசராசன் காலத்து ஓவியர்கள் கருங்கல்லின்மேல் சுண்ணாம்பு பூசி, உலர்வதற்குள் ஓடி ஓடித் தீட்டியிருக்கிறார்கள். சுந்தரரைத் தடுத்தாட்கொள்ள ஓலையோடு வந்து நிற்கும் முதியவர், வெள்ளை யானையில் கயிலை போகும் சுந்தரர், குதிரையில் உடன்வரும் சேரமான் பெருமாள்: கோட்டில் தயக்கமே இல்லை. தயங்க நேரமும் இல்லை. அங்கே மறையும் புள்ளி கிடையாது. கதை கீழிருந்து மேலே ஏறுகிறது, பார்ப்பவர் நடந்துகொண்டே பார்க்கிறார். பார்வை ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்ற ஃப்ளாரன்ஸின் எண்ணத்தைவிட, வலம் வருபவரின் பார்வைக்கு எழுதிய இந்த எண்ணம் கோயிலுக்குப் பொருத்தமானது என்றே நான் நினைக்கிறேன்.

மலாயாவுக்கு நாம் சுதை என்ற சொல்லைக் கொண்டுவந்தோம். சுண்ணாம்பு வழியில் நழுவிவிட்டது. 1873இல் தோன்றிய கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலின் ஐந்து நிலைக் கோபுரம் முழுக்கத் தமிழ்நாட்டுச் சிற்பிகளின் கைவண்ணம். அந்தக் கலையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இன்று நம் கோபுரங்களில் வண்ணம் சிமெண்டின்மேல் தோலாகக் கிடக்கிறது. இங்குள்ள மழையும் வெயிலும் அதை உரித்துவிடுகின்றன. அடுத்த குடமுழுக்கில் மறுபடி பூசுகிறோம். இத்தனைக்கும் பத்துமலையே சுண்ணாம்புப் பாறை. அம்பாங்கின் பெயரையே பாருங்கள். ‘எம்பாங்’ என்ற மலாய்ச் சொல்லுக்கு அணை என்று பொருள். ஈயச் சுரங்கக்காரர்கள் கட்டிய அணையால் அம்பாங்குக்குப் பெயர் வந்தது என்பார்கள். அணையைக் காணோம், பெயர் இருக்கிறது. சுதைக்கும் அந்தக் கதி வர வேண்டியதில்லை.

கோபுரம் மழையில் நிற்பது. அதற்குச் சிமெண்டு இருக்கட்டும். மழை படாத உள்மண்டபத்தில் ஒரே ஒரு சுவரைச் சுண்ணாம்புக்கு ஒதுக்கினால் போதும். காவி, மஞ்சள் மண், பச்சை மண், கரி: நிறங்களுக்குப் பெரிய செலவில்லை. காலம்தான் வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் மாதக்கணக்கில் ஊறினால்தான் பூச்சு வெடிக்காது. ஆகவே சாரம் கட்டும்போது யோசித்துப் பயனில்லை. திருப்பணிக் குழுவின் முதல் கூட்டத்திலேயே சுண்ணாம்புத் தொட்டிக்கு இடம் கேட்க வேண்டும்.